ஓட்டமாட்டேன் என்ற டிரைவர்

சேலம் ஜில்லாவில் பஸ் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஓட்டாமல் இருக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரை 'மாட்டேனுங்க' என்றே எல்லோரும் கூப்பிட்டோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்சாரத்துக்குக்கூட மறந்துபோயிருக்கும்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் போகும் வண்டிக்கு அவர் டிரைவர், நான் கண்டக்டர். காலையில் மற்ற டிரைவர்கள் வண்டிக்குச் சூடம் காட்டுவார்கள். இவர் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். அவை அசைந்துகொண்டிருந்தால் வண்டி கிளம்பும். விறைத்து நின்றுவிட்டால் ஜனங்கள் மாட்டுவண்டி தேட வேண்டியதுதான்.

ஒரு சந்தை நாளில் நெய் டின்களும் ஆட்களுமாக வண்டி பிதுங்கியது. அதிகப்படி ஆட்கள் இறங்கும்வரை எடுக்கமாட்டேன் என்று புளியமரத்தடியில் கடலை உரிக்க உட்கார்ந்துவிட்டார். படியில் தொங்கியவர்களில் ஒருவர் அவருடைய மாமனார்.

"மாமா, எறங்குங்க."

"பொண்ணு குடுத்தவன்டா நானு!"

"அதுக்கு ஊட்டுல எலை போட்டுச் சோறு போடறேனுங்க. இது வண்டிங்க."

மாமனார் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்.

முதலாளி இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அவர் தம்பி மகள் கல்யாணத்தன்றுதான் வெடித்தார். பட்டுச்சேலைகளும் பலகாரக் கூடைகளுமாகச் சொந்தக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி முதலாளியின் களத்தில் நின்றது. அடியிலிருந்து வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டமாட்டேனுங்க. பிரேக்கு புடிக்காதுங்க."

"முகூர்த்தத்துக்கு நாழியாச்சு! வண்டி யாருதுய்யா?"

"உங்களுதுங்க."

"ரோடு?"

"சர்க்காருதுங்க."

"அப்புறம் உனக்கென்ன?"

"பிரேக்கு மேல வெக்கற காலு என்னோடதுங்க."

"இப்ப எடுக்கலீன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். "அண்ணா, மெதுவா ஓட்டிக்கலாம், ஒத்துக்குங்க" என்று காதோரம் கெஞ்சினேன்.

"வேலை போனா வேற தேடிக்கலாம் தம்பி. உள்ள இருக்கறவங்க போனா?"

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "நானே ஓட்டறேன்!" ஒரு காலத்தில் அவரும் டிரைவராக இருந்தவர்தான்.

"ஓட்டுங்க. வெறும் வண்டியாக் களத்தை ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க, அப்புறம் இவங்களை ஏத்திக்கலாம்."

முதலில் இறங்கியவர் முதலாளியின் சம்சாரம். அவர் இறங்கியதும் மற்றவர்களும் கூடைகளோடு இறங்கிவிட்டார்கள்.

முதலாளி ஜம்மென்று கிளம்பினார். பாதிக் களம் தாண்டியதும் பிரேக்கை மிதித்தார். வண்டி போனது. எழுந்து நின்று மிதித்தார். வண்டி இன்னும் உற்சாகமாகப் போனது. நேராக வைக்கோல் போருக்குள் புகுந்து, கரி அடுப்பு மட்டும் வெளியே புகைய நின்றது.

முதலில் ஓடியவர் 'மாட்டேனுங்க'தான். அடுப்பில் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கத்திக்கொண்டே முதலாளியை இழுத்துப்போட்டார். தலை முழுக்க வைக்கோலோடு எழுந்த முதலாளி, தானே கண்டுபிடித்ததுபோல் சொன்னார்: "யோவ், பிரேக்கு புடிக்கலைய்யா!"

"அதைத்தானுங்க சொன்னேன்."

களமே சிரித்தது. பிறகுதான் யாரோ போருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். நாலு முழம் தள்ளி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. முதலாளியின் சம்சாரம் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

எல்லோரும் மாட்டுவண்டிகளில் போனோம். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாகப் போய்விட்டோம். பந்தியில் முதலாளி எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "இனிமே டிரைவர் ஆகாதுன்னா வண்டி நிக்கும். ஏன்னு எவனும் கேக்கப்படாது. நானுந்தான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்குப் பாயசம் மட்டும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

பின்னால் ஒருமுறை, பிரசவ வலி கண்ட என் சம்சாரத்தைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியில்தான் கூட்டிப்போனேன். என் கையை இறுக்கிப் பிடித்து, "பயமா இருக்குதுங்க" என்றாள். முன்னால் பார்த்தேன். அவர் வண்டியை எடுக்கச் சம்மதித்திருந்தார். எனக்குப் பயம் வரவில்லை.