எல்வின் வீட்டு லைட்

"மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கீழிருந்து ஞானசுந்தரி கேட்டாள்.

ஸ்டூல் மேல் நின்று ஹாலின் பழைய டியூப்லைட் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்த ரொனால்ட் திரும்பாமலே பதில் சொன்னார். "சுவிட்சை ஆஃப் பண்ணியாச்சு. அது போதும்."

"சுவிட்சை மட்டும் நம்பக் கூடாதுங்க. மெயினை எறக்கிட்டு, டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் வயர்ல கை வெக்கோணும்."

"ஓஹோ. இது எல்வின் சொல்லிக் குடுத்த பாடமா?"

ஞானசுந்தரி போய் மெயினை இறக்கிவிட்டு வந்தாள்.

கொட்டச்சேட்டுக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான ரொனால்டுக்கு ரோஷம் கொஞ்சம் தூக்கல். போன கிறிஸ்துமஸில் மனைவி கட்டிய குடிலைப் பங்குச்சாமியார் பாராட்டினார் என்பதற்கே நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர். அப்படிப்பட்டவருக்கு இப்போது அடுத்த வீட்டு எல்வினால் தூக்கம் போயிருந்தது.

ஜீப் ஓட்டுகிற எல்வினின் வீட்டு ஹாலில் போன மாதம் புது லைட் ஏறியது. அன்று மத்தியானம் முழுக்க ஞானசுந்தரி அந்த வீட்டில்தான் இருந்தாள். தலையில் சுண்ணாம்புத் தூளோடு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரும்பினாள். ராத்திரி சாப்பாட்டில் ஆரம்பித்தது.

"எல்வின் ஊட்டு லைட்டைப் பாத்தீங்களா? ஒரு வயர் வெளிய தெரியலீங்க. நொம்ப சுத்தமான வேலை."

"எல்வினே மாட்டுனானா?"

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரொனால்டைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அவர் பாதியிலேயே கை கழுவிவிட்டார்.

போதாக்குறைக்கு அன்பியக் கூட்டம் வேறு. மாதம் ஒரு வீடாகச் சுற்றிவரும் ஜெபம் போன முறை எல்வின் வீட்டில் நடந்தது. வந்தவர்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே அந்த லைட்டைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். இன்று சாயங்காலம் ரொனால்ட் வீட்டில் கூட்டம். இன்றைக்கு அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'நொம்ப சுத்தமான வேலை' என்று அதே வாயால் அவள் இவர் வேலையைச் சொல்ல வேண்டும்.

அதற்காகவே சேலம் போய், ஐந்து பல்பு மாட்டும் சரவிளக்கு ஒன்றை வாங்கி வந்திருந்தார். எல்வின் வீட்டில் எரிவது ஒன்றுதானே!

"இது கனமா இருக்குதுங்க. பட்டியை அடிச்சிருந்த அந்தப் பழைய மரக்கட்டை தாங்காது. உத்தரத்துல கொக்கி அடிக்கோணும்" என்றாள் ஞானசுந்தரி.

கொக்கி அடிக்கலாம் என்றுதான் ரொனால்டும் நினைத்திருந்தார். அவள் சொல்லிவிட்டதால் இனி அடிக்க முடியாது. காப்பி மூட்டை தைக்கிற சணலை எடுத்து, விளக்கை அந்த மரக்கட்டையோடு சேர்த்து வரிந்து கட்டினார்.

"எஸ்டேட் மூட்டையே தாங்குது. இது தாங்காதா?"

சணல் தாங்கியது. மரக்கட்டைதான் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்தது. விளக்கு சடாரென்று இரண்டடி இறங்கி, அவர் நெற்றியைப் பதம் பார்த்துவிட்டுச் சாய்ந்து தொங்கியது. கூடவே விழுந்த சுண்ணாம்புக் கட்டி, கூட்டத்துக்கு வேகவைத்து ஹால் ஓரமாக ஆறவைத்திருந்த சுண்டலில் போய் உட்கார்ந்தது.

"இறங்குங்க, சாமி புண்ணியமாப் போகும்!"

"வயரை மட்டும் முறுக்கிட்டு இறங்கிடறேன்."

இன்சுலேஷன் டேப்பைக் காணவில்லை. நெற்றிக்கு ஒட்ட அவள் கொண்டுவந்த பிளாஸ்திரியை வாங்கி வயரில் சுற்றினார்.

"ஐயோ, அது கரண்டுக்கு ஆகாதுங்க! கனெக்டர் வெச்சு, ஸ்குரூ போட்டு முடுக்கோணும்."

"எல்லாம் தெரியுதே உனக்கு! ஒரு மத்தியானத்துல இவ்வளவு சொல்லிக் குடுத்துட்டானா அவன்?"

"ஆமா, சொல்லிக் குடுத்தான்" என்று முணுமுணுத்துவிட்டு, சுண்டலைக் கழுவ உள்ளே போய்விட்டாள்.

ஒத்துக்கொண்டுவிட்டாளே! ரொனால்டுக்கு நெஞ்சு எரிந்தது. விடுவிடுவென்று போய் மெயினைத் தூக்கினார். 'டப்' என்று அதுவே கீழே விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. வெளியே பனி இறங்கி இருட்டிவிட்டது. வீடு முழுக்க ஒரு பொட்டு வெளிச்சமில்லை.

"ஏனுங்க ரைட்டரே, கரண்டு இல்லீங்களா?" என்று வாசலில் குரல் கேட்டது. ஜெபம் நடத்தும் அருள்சாமி உபதேசியாரும் பாட்டுக்குழுப் பெண்களும் செல்போன் வெளிச்சத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இனி வழியில்லை. ஊரே பார்க்க இருட்டில் ஜெபம் சொல்வதைவிட எதிரியின் காலில் விழுவது மேல். ரொனால்ட் பின்பக்கமாக இறங்கி எல்வின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எல்வின், நீ கொஞ்சம் வரோணும். லைட்டு மாட்டோணும்."

"நானாங்கண்ணா?" எல்வினின் முகம் வெளுத்தது. பின்னால் நின்ற அவன் மனைவி ஜோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். கேலி செய்கிறாள் என்று ரொனால்டுக்குப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்னை மாதிரி இந்த ஊர்ல யாருக்கும் வேலை வராதாம். என் ஊட்டுக்காரியே சொல்றா" என்றார். அந்த வார்த்தைகளைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் வந்தது.

எல்வின் தயங்கித் தயங்கி வந்தான். ஹாலில் எல்லோரும் செல்போன் வெளிச்சத்தைத் தொங்குகிற விளக்கின் பக்கம் திருப்பினார்கள். அவன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"ஏறுங்கக்கா! அன்னிக்கு எங்க ஊட்டுல நீங்க மாட்டறப்பப் புடிச்ச மாதிரியே ஸ்டூலைக் கெட்டியாப் புடிச்சுக்கறேன், கரண்டுப் பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."