ஆர் செய்தது என்று முதலில் கேட்பவர்

இந்த இனத்தார் எங்கும் உண்டு. சுருவிலில் உண்டு, புளியங்கூடலில் உண்டு, கொழும்பிலும் இருப்பதாகக் கேள்வி. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான். ஒரேயொரு அடையாளம்: பிழையொன்று நடந்ததென்று சொல்லிப் பாருங்கள், “என்ன நடந்தது?” என்று கேட்கமாட்டார்கள். “ஆர் செய்தது?” என்பார்கள். ஆளின் பெயர் வந்த பிறகுதான் அது பிழையோ சரியோ என்று அவர்களுக்கே தெரியவரும்.

நெடுந்தீவு வைத்திலிங்கத்தார் இந்த இனத்தில் முதல் தரம். நாகமுத்தரின் மூத்த மகன். தாய் ஆச்சிமுத்து புளியங்கூடலால் வந்தவ. ஒரே தங்கச்சி யோகம்மாவைத் தம்பிஐயாவுக்குக் கலியாணம் செய்து கொடுத்தது. இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இவர் நியாயம் பிளக்கத் தொடங்கினால் இந்தக் கொடிவழியெல்லாம் கூடவே வந்து குந்திக்கொள்ளும்.

மாடு ஒன்று பயற்றுக்குள் இறங்கிவிட்டதா? சொந்தக்காரன் மாடென்றால், “வாயில்லாச் சீவன், அதுக்கு எல்லை தெரியுமே!” பிறத்தியான் மாடென்றால், “வேணுமெண்டு அவிட்டு விட்டவன்!” சோதினையில் சொந்தத்துப் பெறாமகன் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால், “எட்டிப் பாக்கவும் ஒரு கெட்டித்தனம் வேணும்.” வேறு பிள்ளை எழுதினால் களவு, அதன் பாட்டன் காலத்திலிருந்தே களவு. ஒன்றுவிட்ட சகோதரம் செய்தால் பாதிப் பிழை. இரண்டுவிட்டதென்றால் முக்கால்.

“நேர்மை எல்லாருக்கும் ஒண்டுதானே அண்ணை?” என்று மீன்பிடிக்கிற சந்தியோகு ஒருநாள் கேட்டுவிட்டான்.

“தம்பி, தண்ணியுந்தான் ஒண்டு. கிணத்துக்குக் கிணறு உருசி வேறையெல்லே?”

சந்தியோகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆனால் கிணறு சும்மா இருக்கவில்லை.

அறுபத்துநாலில் பெரும் புயல் அடித்ததே, அதற்கடுத்த பங்குனி. அன்னமுத்து என்று ஒரு கைம்பெண். இரண்டு பசுவும் ஒரு நல்லதண்ணிக் கிணறும்தான் அவள் சீவியம். சுற்றிவர எல்லாம் உவர். கிணற்றுக்கு அங்காலைக் காணி அவள் தமையன் குருசுமுத்துவினுடையது. இரண்டு பேரும் காணி பிரித்தபோது நடுவில் நின்று கைமுழம் போட்டு எல்லை காட்டியவர் வைத்திலிங்கத்தார்தான். சாந்து வையாமல் கடற்கல்லை அடுக்கிய வேலி. புயல் அதை விழுத்திவிட்டது. மாசியில் தமையன் தன் காணியைத் தம்பிஐயாவுக்கு விற்றான். தம்பிஐயா வேலியைத் திரும்ப அடுக்கினார், நல்ல நேராக அடுக்கினார், ஆனால் நாலு முழம் இஞ்சாலை, அன்னமுத்துவின் பக்கம், தள்ளி அடுக்கினார். கிணறு அங்காலை போய்விட்டது. விழுத்தியது புயல், சரி. தள்ளி அடுக்கியதும் புயலோ?

தையிலிருந்து கிளிநொச்சி வயலில் நின்ற வைத்திலிங்கத்தாருக்கு இதொன்றும் தெரியாது. வள்ளத்தால் வந்து இறங்கிய மறுநாள் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் அன்னமுத்து அவரைப் பிடித்தாள்.

“அண்ணை, என்ரை கிணத்தடி வேலியைத் தள்ளி அடுக்கிப்போட்டினம். அது சரியோ பிழையோ?”

“ஆர் செய்தது?”

“அது பிறகு. சரியோ பிழையோ, சொல்லுங்கோ.”

வைத்திலிங்கத்தார் செருமினார். வெற்றிலையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். பிடியில்லாத கத்தியை நீட்டியதுபோல முழித்தார்.

“அங்காலைக் காணி கொண்ணன்ரை எல்லே? குருசுமுத்துவோ?”

அன்னமுத்து ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அது பொய்யில் சேருமோ? பாதிரியாரைக் கேட்டுச் சொல்லுங்கள். குருசுமுத்துவின் நாம்பன் மாடு தன் பயற்றைத் தின்றது வைத்திலிங்கத்தாருக்கு நினைவு வந்துவிட்டது. அவ்வளவும் போதும்.

“பிழை! எல்லையை அரக்கித் தள்ளினவன் ஆராயிருந்தாலும் கள்ளன்! ராசா செய்தாலும் களவு களவுதான்! வீட்டு மூலையிலை இருந்து முப்பது முழம், கிணறு உள்ளுக்கை. இந்தக் கையாலை அளந்தனான். எந்தக் கோட்டிலையும் வந்து சாட்சி சொல்லுவன்!”

வரிசை முழுக்கக் கேட்டது.

“சந்தோசம் அண்ணை. அந்தக் காணி இப்ப உங்கடை மச்சான்ரை. அடுக்கினதும் அவர்தான்.”

மடித்த வெற்றிலையை வைத்திலிங்கத்தார் திரும்பவும் விரித்தார்.

“அப்பிடியெண்டால்... முழம் எண்டது ஆளுக்கு ஆள் வேறை, பிள்ளை. காலத்துக்குக் காலமும் மாறும்.”

“அளந்த கை தோளிலைதானே கிடக்கு அண்ணை,” என்றான் பின்னால் நின்ற சந்தியோகு. “வாங்கோ, அளப்பம்.”

ஊரே பின்னால் போயிற்று. வைத்திலிங்கத்தார் அன்னமுத்துவின் வீட்டு மூலையில் குந்தி முழம் போட்டார். முதல் பத்து முழம் நேர்மையாகவே போனது. பதினைந்தில் முழங்கை மடங்கத் தொடங்கியது. இருபத்தைந்தில் முழம் சாணாகிவிட்டது. புதுவேலியின் அடியில் கையை வைத்து, “முப்பது!” என்று நிமிர்ந்தார்.

அன்னமுத்து வேலிக்கு மேலால் விரலை நீட்டினாள். கிணற்றுக்கு அங்காலே, புல்லுக்கு நடுவில், நேர்கோடாய் ஒரு வெள்ளைத் தடம். பழைய வேலி இருந்த இடம். அதில் ஒரு புல்லும் முளைக்கவில்லை.

“புல்லும் உன்ரை சொந்தக்காரர் போலை,” என்றார் வைத்திலிங்கத்தார்.

அப்போதுதான் அங்காலே கிணற்றடியில் குடத்தோடு நின்ற யோகம்மா வாய் திறந்தாள்.

“அண்ணை, போதும், எழும்புங்கோ. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் இந்தக் கிணத்திலை அன்னமுத்து அக்காவைக் கேட்டுத்தான் அள்ளினனான். ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை. எங்கடை கிணறெண்டால் நான் ஏன் கேட்டனான்?”

குடத்தை இறக்கி வைத்தாள். வேலியின் மேற்கல்லைத் தூக்கிப் பழைய தடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். சத்தம் கேட்டு வந்து நின்ற தம்பிஐயா வானத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு கல்லைத் தூக்கினார். அந்தியாகுமுன் கிணறு அன்னமுத்துவிடம் திரும்பி வந்துவிட்டது.

வைத்திலிங்கத்தார் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்தநாள் சங்கக்கடையில் சொன்னார்: “அது அன்னமுத்துவின்ரை கிணறுதான். சந்தேகமே இல்லை. சொன்னது ஆர்? என்ரை கூடப்பிறந்தவளெல்லே!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதை வாசித்துக்கொண்டு வரும்போது, இந்தத் தம்பிஐயா எந்தத் தம்பிஐயா, எங்கள் பகுதியோ, பெண்சாதி வழியில் ஏதும் முட்டுமோ என்று ஒருக்கால் யோசித்தீர்களா? இல்லையென்று உடனே சொல்லாதேயுங்கள். கேட்கிறது ஆர் என்று பார்த்துவிட்டே சொல்லுங்கள்.