இடி விழுந்த கோபுரம்

"ஐயய்யோ! இது எப்படி வந்துச்சு?"

பல்செட் என்று பட்டப்பெயர் வாங்கிய இளைஞன் போட்ட அலறலில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் ஒரு நொடி கன்னத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேஜைமேல், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று சீட்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒன்றில் குதிரைமேல் ஏறி வரும் எலும்புக்கூடு. ஒன்றில் இடி விழுந்து பிளக்கும் கோபுரம். இன்னொன்றில் மூன்று வாள்கள் குத்தி நிற்கும் ஒரு சிவப்பு இதயம். நேற்றும் இதே மூன்றுதான். முந்தாநாளும் இதே மூன்றுதான்.

"பயப்படாதீங்க" என்றாள் டோக்கன். சொன்னவளுக்கே பயம்தான்.

அந்தப் பல் கிளினிக்கில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. வாசல் மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு எண் கொடுக்கும் பெண் டோக்கன் ஆனாள். உள்ளறையில் மெழுகும் மாவுமாகப் பல்செட் செய்துகொண்டிருந்தவன் பல்செட் ஆனான். டாக்டரம்மாவுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கலாம். அதற்கான துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

டோக்கனுக்குப் பல்செட்மேல் கொள்ளை ஆசை. அவனுக்கு அவள்மேல் ஆசை உண்டா என்பதுதான் தெரியவில்லை. தினமும் இரண்டு வார்த்தை பேசுவான். ஆனால் என்ன பேசுவான்? "இன்னிக்கு ரெண்டு கீழ்த்தாடை வந்திருக்குங்க" என்பான். கீழ்த்தாடையிலிருந்து காதலைக் கண்டுபிடிக்க எந்தப் பெண்ணால் முடியும்? போய்க் கேட்டுவிடலாம் என்றால் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால்தான் குறி சொல்லும் டாரட் சீட்டு வாங்கினாள். 'ஆரம்ப மாணவர்களுக்கு' என்று ஒரு குட்டிப் புத்தகமும் கூடவே வந்தது. கற்றுக்கொள்ளும் சாக்கில் அவனையே எதிரில் உட்கார வைத்துச் சீட்டு எடுத்தால், கேட்காமலே பதில் கிடைத்துவிடும் அல்லவா?

ஆனால் கற்றுக்கொள்வது அவ்வளவு லேசாக இல்லை. சீட்டுகள் உள்ளங்கையைவிட நீளம். முதல் நாள் கலைக்கப் போய், பாதிச் சீட்டுகள் பறந்து எச்சில் துப்பும் தொட்டியில் விழுந்தன. துடைத்துக் காயவைத்த கையோடு கலைக்கிற ஆசையை விட்டாள். கலைக்கத் தெரியாதவர்களுக்கும் புத்தகம் ஒரு வழி சொல்லியிருந்தது. எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக் கேள்வியை நினைக்க வேண்டும். பார்ப்பவர் சீட்டுக் கட்டைக் கவிழ்த்து வைத்து அடியிலிருந்து மூன்று சீட்டு உருவ வேண்டும். 'மேலே இருப்பது ஊருக்கு, அடியில் இருப்பதே உள்ளத்துக்கு' என்று எழுதியிருந்தது. படித்ததும் டோக்கனுக்குப் புல்லரித்துவிட்டது. வேலை முடிந்ததும் கட்டைத் துணியில் சுற்றி மேஜையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றும் இருந்தது. அதையும் அப்படியே செய்தாள்.

"இந்த எலும்புக்கூடு என்னங்க சொல்லுது?" என்று கேட்டான் பல்செட்.

"அது... சாவு இல்லீங்க. மாற்றம்."

"என்ன மாற்றம்?"

நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "இடமாற்றம் மாதிரி ஏதாவது இருக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? பல்செட் எழுந்து போனான். போகும்போது திரும்பித் திரும்பிச் சீட்டுக் கட்டையே பார்த்துக்கொண்டு போனான்.

இதை இப்படியே விடக் கூடாது என்று டோக்கன் முடிவு செய்தாள். அந்த மூன்று சீட்டுகளையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சீட்டுக் கட்டிலேயே இல்லாத எலும்புக்கூடு எந்த வழியாக வரும், பார்த்துவிடலாம்!

மறுநாள் பல்செட் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். அவன் சீட்டியடித்து அதுவரை அவள் கேட்டதில்லை. தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னிக்கு நல்லதுதாங்க வரும்" என்றான்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சும்மா, மனசுல பட்டுச்சு."

கண்ணை மூடிக்கொண்டான். டோக்கன் மூச்சை இழுத்து விட்டு, அடியிலிருந்து மூன்று சீட்டுகளை உருவித் திருப்பினாள்.

கொம்பு வைத்த சாத்தான், காலடியில் சங்கிலி போட்ட இரண்டு பேரோடு. முதுகில் பத்து வாள் குத்திக் குப்புறக் கிடக்கும் ஒருவன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழும் ஒருத்தி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

கண்ணைத் திறந்த பல்செட்டுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "சான்ஸே இல்லீங்க! இது வரவே முடியாதே!" என்றான்.

முன் வரிசையில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இந்த ஆளு முதுகுல குத்தியிருக்கே, மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தானே குத்தினாங்க?"

"அது வேறங்க, அதுக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்ல..."

"வலி பொறுத்துக்கலாம்மா. நான் அடுத்த வாரம் வர்றேன்" என்று செருப்பை மாட்டினார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். காலி நாற்காலிகளையும் மேஜைமேல் இருந்த சாத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் பல்லைப் பிடுங்கறேன். நீ ஆளையே பிடுங்கி அனுப்புறியா? இனிமே இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துல, ஆள் இல்லாதப்ப மட்டும்தான். புரியுதா?"

"புரியுதுங்க டாக்டர்."

அவர் உள்ளே போனதும் பல்செட் மெதுவாகக் கேட்டான். "இந்த சங்கிலி போட்ட ரெண்டு பேரு யாருங்க?"

டோக்கனுக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. உங்கள் பக்கத்திலேயே ஒருத்தி உங்களை நினைத்துக்கொண்டு இருக்கிறாள், கண் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் புத்தகத்தைப் புரட்டினால் 'பிடியிலிருந்து விலகுக' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புதிதாய்ப் படிப்பவளுக்குப் புத்தகத்தை மீற மனம் வருமா? இரண்டையும் சேர்த்துக் குழப்பினாள்.

"உங்க பக்கத்துல இருக்கற ஒரு பொண்ணு... அதாவது, நீங்க பக்கத்துலயே இருந்தா... அவங்களுக்கு..."

"அவங்களுக்கு என்னால ஆபத்தா?"

"ஐயோ, ஆபத்துன்னு இல்ல..."

"சரிங்க. புரிஞ்சுது."

என்ன புரிந்ததோ! அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் போய், வேறு ஊரில் ஒரு பெரிய லேபில் வேலை கேட்டிருக்கிறேன், இந்த வாரத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். உள்ளறையிலிருந்து டாக்டரம்மாவின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"பாதி பல்லோட நாலு பேரை நிக்க வச்சிட்டு எங்கேடா போறே? அவங்க கஞ்சி குடிச்சே காலத்தை ஓட்டணுமா?"

டோக்கனுக்கு உலகமே இருண்டது. அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாள். அவள் அம்மா வந்து, "என்னடி, பல்லு வலியா?" என்று கேட்டார். பல் வலியாக இருந்தால் டாக்டரம்மாவிடம் ஒரு நிமிஷத்தில் பிடுங்கிக்கொள்ளலாமே என்று நினைத்துத் தலையணையை நனைத்தாள்.

அவனுடைய கடைசி நாளும் வந்தது. பிறர் வாயில் மாட்ட வேண்டிய பற்களையெல்லாம் முடித்து வரிசையாக அடுக்கிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குப் பல்செட் மேஜைக்கு வந்தான். கிளினிக்கில் ஆள் இல்லாமல் இல்லை. வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் ரத்தம் நிற்கக் காத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவைங்க. இன்னிக்கு நல்லதா வந்துட்டா..." பாதியில் நிறுத்திக் கண்ணை மூடினான்.

டோக்கன் அடியிலிருந்து உருவினாள். திருப்பினாள். கண்ணைக் கட்டி, சுற்றிலும் வாள் நட்டு நிறுத்திய பெண். பனியில் நொண்டிக்கொண்டு போகும் பிச்சைக்காரர்கள். கவிழ்ந்த கிண்ணங்களுக்கு முன்னால் தலை குனிந்து நிற்கும் கறுப்பு அங்கி. இதற்கு மேலும் இந்தச் சீட்டுக் கட்டில் ஒரு சோகம் மிச்சம் இருக்குமா?

பல்செட் கண்ணைத் திறந்து பார்த்தான். பெருமூச்சு விட்டான். "விதி ரொம்பக் கெட்டியா இருக்குங்க. நான் வர்றேன்."

அவன் எழுந்தபோதுதான் டோக்கனுக்குள் ஏதோ ஒன்று பொங்கியது. நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றாள்.

"நில்லுங்க! விதியாவது வெங்காயமாவது! சீட்டு என்ன வேணா சொல்லட்டும். சாத்தான் வரட்டும், எலும்புக்கூடு குதிரையில வரட்டும், கோபுரம் என் தலையிலயே விழட்டும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்னைப் பிடிக்கலேன்னா போங்க. சீட்டு சொல்லுதுன்னு மட்டும் போகாதீங்க!"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிஷின்கூட நின்றது.

பல்செட்டின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "பிடிக்காமயா?" என்றான். "நான் தினமும் கீழ்த்தாடை கணக்கைச் சொல்ல எதுக்குங்க வாசல் வரைக்கும் வர்றேன்? டாக்டருக்குச் சொன்னா போதாதா?"

பஞ்சு வாய்க்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் என்னவோ வாழ்த்தினார். பஞ்சுக்கு நடுவே அது "ங்ஙூ ங்ஙா" என்று கேட்டாலும் மனசார வாழ்த்தியது முகத்தில் தெரிந்தது.

டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு நின்றார். "அப்ப அந்த லேப்?"

"போகலீங்க டாக்டர்."

"நல்லது. கல்யாணத்தை எப்ப வேணா வச்சுக்கோங்க. புதுசா ரெண்டு மேல்தாடை வந்திருக்கு, அதை முதல்ல பாரு" என்றவர், சிரிப்பை மறைக்க முகமூடியை மேலே இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கிளினிக்கை மூடும் நேரம். பல்செட் உள்ளே மேல்தாடைகளோடு சீட்டியடித்துக்கொண்டிருந்தான். டோக்கனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சீட்டுக் கட்டைத் துணியோடு எடுத்து, குப்பையை அள்ளிக்கொண்டிருந்த துப்புரவு அக்காவிடம் நீட்டினாள்.

"இதையும் போட்டுடுங்கக்கா. எங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு இந்த சீட்டு ஒத்தைக் கால்ல நின்னுச்சு. நாங்க விதியையே எதிர்த்து ஜெயிச்சிட்டோம்!"

அக்கா கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரே குழப்பம்.

"ஆகாதுன்னு சொல்லுச்சா? என்னம்மா சொல்றே! தினம் காலைல நான் தரை துடைக்கறப்ப அந்தப் பல்செட் தம்பி வந்து, எலும்புக்கூடு, பிசாசு, வாளுன்னு கெட்டதையெல்லாம் தேடித் தேடி அடியில சொருகிட்டு, ஆணும் பொண்ணும் சேர்ந்து நிக்கற ஜோடிப் படத்தை உன் கைக்கு முதல்ல வரட்டும்னு மேல வச்சிட்டுப் போகுமே... நீ எங்கேயிருந்தும்மா எடுத்தே?"