கல்யாண மண்டபத்துக்குத் தீ அலாரம் மாட்டிய செலவு

கருங்குழி,
மார்கழி 12.

செல்வத் தம்பி கலையரசனுக்கு, அக்காள் சாரதாம்பாள் மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் புண்ணியத்தில் இங்கே நான், உன் மாமா, மண்டபம் மூவரும் சௌக்கியம். ஓசூரில் நீயும் சரோஜாவும் கல்யாணப் பெண் பிரபாவும் அதே போல இருக்கத் தினமும் இரண்டு வேளை விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே கட் பண்ணிவிடுகிறாய், ரூபாய்க் கணக்கு உன் காதில் ஏறுவதில்லை. எழுத்தில் இருந்தால் உன் சிநேகிதன் வெங்கடேசனுக்கும் காட்டலாம். அவசியம் காட்டு.

முதலில் சுபச்செய்தி. "தை இருபத்தஞ்சு நம்ம மண்டபம் உறுதிதானேக்கா?" என்று நீ மூன்று தடவை போன் பண்ணிக் கேட்டாயே, உறுதி! தீயணைப்புச் சான்றிதழ் நேற்றுக் கைக்கு வந்துவிட்டது, பெருமாள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் மார்கழிக்கு மேல் மண்டபத்துக்கு லைசன்ஸ் கிடையாது, லைசன்ஸ் இல்லாவிட்டால் பிரபா கல்யாணத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் பந்தல் போட வேண்டும், இரண்டு பக்கமும் லாரிதான் அட்சதை போடும்.

இனி விவரம். அலாரம் இல்லாமல் சான்றிதழ் இல்லை என்றதும் நீ உன் வெங்கடேசனைச் சென்னையிலிருந்து அனுப்பினாய். நல்ல பிள்ளைதான், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தான், ஒரு டம்ளர் காப்பி குடித்தான், மறுநாள் கொட்டேஷன் அனுப்பினான்: நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம், அதற்கு மேல் வரி பதினெட்டு சதவீதம், ஆக மொத்தம் ஐந்து லட்சத்து எழுபத்து மூவாயிரத்து நானூற்று எண்பது, வருஷா வருஷம் பராமரிப்பு முப்பத்தெட்டாயிரம் தனி. உன் மாமா அதைப் படித்துவிட்டு ஊஞ்சலில் படுத்தவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் கொட்டேஷன் என்பது மளிகைச் சீட்டு மாதிரிதானே, வரி வரியாகக் கேட்டால் அதுவே பதில் சொல்லும். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க வாட்ச்மேன் சின்னராசுவைக் கூட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க அளந்தேன். அவன் எழுதியிருந்தது, புகை வந்தால் கத்த வைக்கக் கூரையில் மாட்டுகிற கருவி நாற்பத்தாறு. அதில் பன்னிரண்டு கார் நிறுத்துகிற ஷெட்டில்! நாலு பக்கமும் சுவரே இல்லாத ஷெட், அங்கே புகை வந்தால் கருவிக்கு முன்னால் மதுராந்தகத்துக்கே தெரிந்துவிடும். எட்டு கக்கூசில். நாலு செருப்பு விடுகிற இடத்தில். இருபத்து நாலையும் சிவப்பு மையில் அடித்தேன், மிச்சம் இருபத்திரண்டு.

அடுத்தது அந்தப் பெட்டி. கருவிகள் எல்லாவற்றையும் ஒயர் வழியாகக் கேட்டுக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருக்குமே, அது. வெங்கடேசன் போட்டிருந்தது எந்தக் கருவியில் புகை என்று பேரோடு எழுதிக் காட்டுகிற உசத்திப் பெட்டி, அது மட்டும் லட்சத்து முப்பதாயிரம். சாதாரணப் பெட்டி என்றால் எந்தப் பகுதியில் என்று மட்டும் ஒரு விளக்கு எரியும். நமக்கு இருப்பதே ஹால், சாப்பாட்டுக்கூடம், சமையற்கட்டு, மேடைக்குப் பின்னால் ஸ்டோர் ரூம், நாலே பகுதி. விளக்கு எரிகிற பக்கம் ஓடிப்போய்ப் பார்க்க நமக்குக் கால் இல்லையா? வெங்கடேசனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "அக்கா, நீங்க டெக்னிகலா பேசறீங்க" என்றான். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

செங்கல்பட்டில் ஸ்டான்லி என்று ஒருத்தர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இதே வேலை செய்கிறவர், அவரை வரவழைத்தேன். என் சிவப்பு மைக் காகிதத்தைப் பார்த்ததும் அவர் கேட்டார், "யாருக்கா இந்த இன்ஜினீயரு? எண்ணிக்கை கரீட்டா கீதே!" நான் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினேன். சமையற்கட்டில் புகைக் கருவி வைத்தால் வடை போடுகிற போதெல்லாம் கத்தும், அங்கே மூன்றும் சூட்டுக்குக் கத்துகிற கருவியாக இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார், அது நியாயம், ஒத்துக்கொண்டேன். வரி உள்பட இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் கேட்டார். ஒயரிலும் பேட்டரியிலும் நான் கை வைக்கவில்லை, உயிர் விஷயம். ஆனால் ஏணி நம்முடையது, கூட வேலை செய்யச் சின்னராசு நம் ஆள், அவருடைய நாலு ஆட்களுக்கு மூன்று நாள் சாப்பாடு என் அடுப்பில், அதுவும் வெள்ளிக்கிழமை வடை பாயசத்தோடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து இரண்டு லட்சத்து ஐயாயிரத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். "அக்கா, உங்க வூட்ல கணக்கு எழுதறது நீங்க, கடவுள்தான் பக்கத்துல நின்னு கூட்றாரு போல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஒரு சின்னச் சங்கடத்தை எழுத வேண்டும், ஒளிக்க மாட்டேன். வேலை முடிந்தது வெள்ளிக்கிழமை. ரூபாய் இரண்டு லட்சம் போட்டு வாங்கிய புதுப்பொருள், அதைப் பூஜை செய்யாமல் எப்படி விடுவது? குக்கர் வாங்கினால் பொட்டு வைக்கிறோம், ஸ்கூட்டருக்கு வைக்கிறோம். சின்னராசுவைக் குளிக்கச் சொல்லி ஏணியில் ஏற்றி, ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் குங்குமம் இடச் சொன்னேன். அவன் கொஞ்சமாகத் தொட்டு வைத்தான், நான்தான் கீழே நின்று, "தாராளமா வைடா, மேல இருக்கறது கீழ தெரிய வேணாவா?" என்றேன். கருவியைச் சுற்றிச் சின்னச் சின்னத் துவாரம் இருக்கிறதல்லவா, அதில் சந்தனம் உதிராமல் நன்றாகப் பிடித்துக்கொண்டது, எனக்கு அத்தனை சந்தோஷம். இருபதுக்கு வைத்தோம். ஸ்டோர் ரூமில் இருந்த இரண்டுக்கு மட்டும் வைக்கவில்லை. பழைய மெத்தையும் எச்சில் வாளியும் போட்டு வைக்கிற அறைக்குச் சந்தனம் எதற்கு என்று நானே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை தீயணைப்பு அதிகாரி வாசுதேவன் வந்தார். கண்டிப்பான மனுஷன், காப்பி கூட வேண்டாம் என்றுவிட்டார். நீளக் கம்பி முனையில் ஒரு புகை டப்பா வைத்து, ஹாலில் முதல் கருவிக்கு நேராக அடித்தார். சத்தமில்லை. இரண்டாவது, சத்தமில்லை. ஐந்தாவதற்கு ஸ்டான்லியின் முகம் வேர்த்துவிட்டது, ஏணியில் ஏறி விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சிகிறீங்க? அது மூச்சு வுடற எடம்! மூக்குல சந்தனத்த அப்பினா எப்டி மோப்பம் புடிக்கும்?"

அதிகாரி நோட்டை மூடினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல, பூச்சி பூந்து ஃபெயிலானது பாத்துகீறேன், தூசி அடைச்சு ஃபெயிலானது பாத்துகீறேன். பக்தியில ஃபெயிலானது இதாம்மா முதல் தடவ. சுத்தம் பண்ணி வைங்க, மறு தேதி குடுக்கறேன். ரெண்டு மாசம் ஆவும்" என்று சொல்லி வாசலுக்கு நடந்தார்.

இரண்டு மாசம் என்றால் தை போய் மாசி வந்துவிடும். எனக்குக் கண்ணில் பிரபாதான் தெரிந்தாள், மாலையும் கழுத்துமாக நடு ரோட்டில். "ஏரியவே காத்தவரு நீ, ஒரு மண்டபத்தக் காக்கக்கூடாதா?" என்று வாய்விட்டே கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை தம்பி, மண்டபமே அதிர்கிற மாதிரி அலாரம் அடித்தது! வெளியே போன அதிகாரி ஓடி வந்தார். பெட்டியில் நாலாவது விளக்கு எரிகிறது, நாலாவது என்றால் ஸ்டோர் ரூம். அதிகாரி, ஸ்டான்லி, சின்னராசு, நான் எல்லோரும் ஓடிக் கதவைத் திறந்தால், சுருட்டி வைத்த ஜமக்காளத்துக்குப் பின்னால் உன் மாமா, கையில் பீடியோடு! நாலு வருஷத்துக்கு முன்னால் திருப்பதியில் மொட்டை போட்டு அடியோடு விட்டுவிட்டேன் என்று சொன்னாரே, அந்தப் பீடி.

"படபடப்பா இருந்துச்சு சாரதா, ஒரே ஒரு இழுப்புதான்" என்றார்.

அதிகாரி முதலில் பீடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டார், பிறகு மெத்தைக் குவியலைக் காட்டி உன் மாமாவை ஐந்து நிமிஷம் திட்டினார், ஒரு வார்த்தையைக்கூட நான் தடுக்கவில்லை. அப்புறம் கருவியை அண்ணாந்து பார்த்தார். "ஒரு இழுப்புக்கே புடிச்சிட்சே! பொருள் சுத்தமான பொருள்தாம்மா" என்றார். ஸ்டான்லிக்கு அது போதும், "சார், ஒரே ஒரு மணி நேரம் குடுங்க" என்று காற்று அடிக்கிற மெஷினோடு ஏணியில் ஏறினார். அதிகாரியும் மனசு இறங்கி உட்கார்ந்தார், இந்தத் தடவை காப்பி குடித்தார். துடைத்து ஊதியதில் எல்லாம் பிழைத்தன, இரண்டு மட்டும் தேறவில்லை. புதிது மாட்டினோம், ஒன்று ஆயிரத்து நானூற்று ஐம்பது, இரண்டுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், 'சந்தனச் செலவு' என்று தனியாக எழுதியிருக்கிறேன். அதன் பிறகு இருபத்திரண்டும் ஒன்று விடாமல் கத்தின, கேட்க நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

ஆக மொத்தச் செலவு இரண்டு லட்சத்து ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். வெங்கடேசன் விலைக்கு மிச்சம் மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று எண்பது. பேரோடு எழுதிக் காட்டுகிற பெட்டி இல்லாமலே, உன் மாமா நாலு வருஷமாக ஒளித்ததை என் பெட்டி ஒரே விளக்கில் காட்டிக் கொடுத்துவிட்டது. இதையும் வெங்கடேசனிடம் சொல்.

ஆகவே தம்பி, நீ நிம்மதியாகப் பத்திரிகை அடிக்கக் கொடு. இந்த மாவட்டத்தில் இதைவிடப் பத்திரமான மண்டபம் கிடையாது, இதை நான் சொல்லவில்லை, அதிகாரியே சொன்னார். உன் வீட்டில் விளக்கும் அடுப்பும் தவிர வேறெதுவும் எரியாமல் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். சரோஜாவுக்கு என் அன்பு, பிரபாவுக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு,
உன் அக்காள்
சாரதாம்பாள்

பி.கு.: கவரை ஒட்டப் போகிற சமயம் உன் மாமா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அதிகாரி வாசுதேவன் தன் பெண் கல்யாணத்துக்கு நம் மண்டபத்தையே எடுத்துக்கொண்டாராம், இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கட்டி ரசீதும் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம், சலுகை கொடுத்தும் வேண்டாம் என்றாராம். எந்தத் தேதி என்று கேட்டேன். தை இருபத்தைந்து. எனக்கு உயிரே நின்றுவிட்டது. "அன்னிக்கு நம்ம பிரபா கல்யாணமாச்சே!" என்று கத்தினேன். "எனுக்கு இன்னா தெரியும்? நோட்ட பாத்துதான் குடுத்தேன். வெள்ளையா கீது. எழுதறது நீதானே?" என்றார். எடுத்துப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருக்கிறது. அட்வான்ஸ் வராத பெயரை நான் என்றைக்கும் நோட்டில் ஏற்றுவதில்லை. கூடப் பிறந்தவனிடம் எப்படிக் கேட்பது என்று நான் கேட்கவில்லை, அக்காள் மண்டபம்தானே என்று நீ கொடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் தப்பு உன் பேரில்தான். பத்திரிகையை நிறுத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் நீயே பேசிக்கொள், எனக்கு வாய் வராது. மாசி பத்து, ஞாயிறு, நல்ல முகூர்த்தம், இந்த நிமிஷம் வரை காலி. இருபத்தைந்தாயிரம் அனுப்பு. வந்ததும் எழுதிவிடுகிறேன்.