சுடர் ஆடக் கூடாது

ஆய்வக மேசையில் சுடர் மறுபடியும் ஆடியது. கணினித் திரையில் நேராக ஓட வேண்டிய கோடு, பாம்பு போன தடமாக நெளிந்தது.

"அய்யோ!" என்றாள் அனுப்பிரியா.

இன்று அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. சுடரின் குறுக்கே லேசர் ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு ஒளி குறைகிறது என்று பார்த்து, உள்ளே எவ்வளவு கரி இருக்கிறதென்று தேர்வாளருக்கு அளந்து காட்ட வேண்டும். சுடர் ஆடினால் கணக்குக் கெட்டுவிடும்.

அவளுடைய அப்பா காளிச்சாமிக்கு அதெல்லாம் விளங்கவில்லை. தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டார்.

"ஏந்தம்பி, அடுப்புக் கரிய அளக்கறதுக்கா இத்தன படிப்பு?" என்றாள் அவருடைய அக்கா சுப்பாத்தாள்.

"நீ சட்டியில ஒட்டுன கரியத்தான் பாத்திருக்கறே. எம்புள்ள நெருப்புக்குள்ள இருக்கறப்பவே புடிச்சு அளந்துருவா!"

அவளுடைய பேராசிரியர், வெளியூர்த் தேர்வாளரைத் தேடி வாசலுக்குப் போயிருந்தார். திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "அப்பா, காத்து வருதுங்க," என்றாள் மகள்.

சும்மா இருப்பாரா காளிச்சாமி? கதவோரம் அரைக்கைச் சட்டையில் நின்றவரைக் கல்லூரி எலக்ட்ரீஷியன் என்று முடிவு கட்டினார்.

"ஏப்பா, அந்த ஃபேன நிறுத்து."

நிறுத்தினார்.

"சன்னலயும் சாத்து."

சாத்தினார்.

அறை வெந்தது. உறவுக்கூட்டம் மொத்தமும் துண்டாலும் முந்தானையாலும் விசிறிக்கொள்ள, சுடர் சாமியாடியது.

"விசிறாதீங்க!" என்று காளிச்சாமி ஓடி ஓடித் துண்டுகளைப் பிடுங்கினார். அவர் ஓடிய வேகத்தில் சுடர் அணைந்தே போனது.

அனுப்பிரியா உதட்டைக் கடித்தபடி மறுபடியும் பற்றவைத்தாள். காளிச்சாமி பிடுங்கிய துண்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பெருமை பார்க்க வந்து பிள்ளை படிப்புக்கே உலை வைத்துவிட்டோமோ?

"எல்லாரும் செவுத்தோரமா நில்லுங்க! நாஞ் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு உடக்கூடாது. எலக்ட்ரீஷியன் தம்பி, உனக்குந்தான்!"

கன்னங்கள் உப்பின. சுப்பாத்தாளுக்கு விழி பிதுங்கியது. சுடர் மெல்ல நிமிர்ந்து, செதுக்கி வைத்ததுபோல் நின்றது. திரையில் கோடு நேராக ஓடியது. அனுப்பிரியா அளவை உரக்கப் படித்தாள். குரலில் துளி நடுக்கமில்லை.

காளிச்சாமியின் கண் நிறைந்துவிட்டது. மகளைப் பார்த்தபடியே நின்றவர், மற்றவர்களை மறந்தே போனார்.

சுவரோரமாக முகம் சிவந்து நின்ற 'எலக்ட்ரீஷியன்' திணறியபடி சொன்னார்: "அளவு பிரமாதம், டாக்டர் அனுப்பிரியா. உங்கப்பாகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க... தேர்வாளர் இனி மூச்சு விடலாமா?"