பதினேழு அலமாரிக் கதவுகளும் உங்கள் தங்கையும்

கராமோர், மேயோ
ஞாயிறு காலை

அன்பும் மரியாதையும் உள்ள நோரீன் அண்ணிக்கு,

மலாக்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்து, சால்ட்ஹில் கடற்கரையில் காலை நடை தடையின்றி நடக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கையும் கூடவே நடக்கிறாளாம், கேள்விப்பட்டேன். சந்தோஷம். என் நலத்தைக் கேட்க இங்கே ஆளில்லாததால் நானே சொல்லிவிடுகிறேன்: நலமில்லை.

என் மனைவி அட்ராக்டா உங்களிடம் வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் பதினோரு நாளில், வியாழக்கிழமை, நம் வீட்டில் பூசை. ஊரில் வீடு வீடாக முறை வைத்துச் சுற்றி, ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறை நம் வீட்டுக்கு வரும் பூசை. ஃபாதர் கீன் சமையலறை மேசையில் மெழுகுவத்தி ஏற்றுவார், அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் உள்ளே வந்து, வாயால் செபம் சொல்லிக்கொண்டு கண்ணால் அலமாரிகளை ஆராயும். நானோ வீட்டோடு மாப்பிள்ளை. வீட்டுக்காரி இல்லாமல் நான் மட்டும் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்தால் இந்த ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தயவுசெய்து அவளை அனுப்பி வையுங்கள்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்பதை அவள் தன் கட்சியாகத்தான் சொல்லியிருப்பாள். என் கட்சியையும் கேளுங்கள். அலமாரிக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று கிறிஸ்துமஸிலிருந்து ஒரே பேச்சு. அடிக்கலாம்தான். ஆனால் அதன் மேல் இருப்பது உங்கள் அப்பா பூசிய பச்சை. முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதன் மேல் எதைப் பூசினாலும் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிடும், முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பளபளப்பு மங்கும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்றார் ஹார்டுவேர் கடைக் கில்வாரி. பழைய வீடாச்சே, பூச்சில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் விஷம் தூசாகப் பறக்கும் என்று ஒரு சோதனைக் குச்சியையும் கையில் கொடுத்தார். ஒரு கதவோரத்தில் கீறித் தேய்த்துப் பார்த்தேன். குச்சி சிவந்தது. சிவந்தால் ஈயம். அவள் ஏற்கெனவே ஆஸ்துமாக்காரி, அரைமணி நேரத்தில் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வண்ண அட்டையும் அவள் கைப்பையோடு போய்விட்டது. வெள்ளையில் இருபத்தாறு வெள்ளை உண்டாம், எந்த வெள்ளை என்று அவள் சொல்லாமல் நான் ஒரு டப்பாவைக்கூட வாங்க முடியாது.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பாத்திரங்களைப் படுக்கையறைக்கு மாற்றி, தரையில் பிளாஸ்டிக் விரித்து, வாசலைப் பிளாஸ்டிக்கால் மூடி நாடா ஒட்டி முடித்தபிறகுதான் நாயும் என்னோடு உள்ளே இருப்பதையும், கத்தரிக்கோல் வெளியே இருப்பதையும் கவனித்தேன். பதினேழு கதவுகளைக் கழற்றினேன். எது எங்கே என்று தெரிய ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டேன், ஆணிகளையும் கீல்களையும் அதே எண் எழுதிய ஜாம் பாட்டில்களில் போட்டேன், இவ்வளவு புத்தியோடு வேலை செய்த நானே மறுநாள் பிசுக்கு எடுக்கும் சோப்பால் கதவுகளைக் கழுவி எண்களையும் சேர்த்துக் கழுவிவிட்டேன். பாட்டில்களில் மட்டும் எண் பத்திரமாக இருக்கிறது. பிறகு நீரில் நனைத்த உப்புத்தாள். உலர்ந்த தாளால் தேய்க்கக் கூடாது, தூசு கிளம்பும். துடைப்பம் தொடக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முகத்தில் தூசு வடிகட்ட இரண்டு உருண்டை வைத்த முகமூடி. சமையலறையில் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது. அதனால் நான் காரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தினமும் ரொட்டியும் ஆறிப்போன பன்றிக்கறியும். நான்காம் நாள் பக்கத்து வீட்டு டிலியா காரின் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்ன மலாக்கி, சாப்பாடு கார்லயா?"

"தூசு, டிலியா. ஈயத் தூசு. உள்ள சாப்பிடக் கூடாது."

"ஆமா ஆமா. எங்க மச்சான் வீட்டுலயும் தூசுன்னுதான் ஆரம்பிச்சுது."

"எது ஆரம்பிச்சுது?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

மாலையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட டார்ட் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். சாவு வீட்டுக்குத்தான் அவள் டார்ட் கொண்டுபோவாள்.

உங்கள் தங்கையோ மாலை ஏழு மணிக்குத் தவறாமல் போனில் கூப்பிடுவாள். அன்பாகத்தான் என்று நானும் முதல் வாரம் நம்பினேன். அப்புறம் பேச்சு இப்படி ஆகிவிட்டது:

"முகமூடி போட்டியா?"

"போட்டேன்."

"ஈரத்துணியால தொடச்சியா?"

"ரெண்டு தடவ."

"மூணாவது தடவையும் தொடச்சிடு. கூரையையும் தொடச்சிடு."

"நீ எப்ப வர்ற?"

"தூசு அடங்கட்டும்."

"அடங்கி ஒரு வாரமாச்சு."

"எனக்கு இன்னும் இருமுது."

"நீ கடற்கரையில இருக்க, அட்ராக்டா."

"நெனச்சா இருமுது."

முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய ஒருத்தி இப்படிப் பேசலாமா, நீங்களே சொல்லுங்கள். அவள் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று, விஷத்தின் நடுவே தனியாளாக, என் நுரையீரலைப் பணயம் வைத்து நான் வேலை செய்தேன். நீங்கள் அவளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தீர்கள். என் மனம் வெந்துபோயிருக்கிறது, அண்ணி. இந்த வீட்டில் இப்போது தூசும் இல்லை, விஷமும் இல்லை. செவ்வாய்க்கிழமைப் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுங்கள். உங்கள் முழங்காலுக்காக வியாழன் பூசையில் தனியாக வேண்டிக்கொள்கிறேன். ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
மலாக்கி டர்க்கன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மனசாட்சி குத்தியது. குச்சியை மட்டும் நம்ப வேண்டாம் என்று கில்வாரி சொன்னதால், அவள் புறப்பட்ட அன்றே ஒரு பூச்சுச் சீவலை டப்ளின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தேன். ஆறாம் நாளே பதில் வந்துவிட்டது. ஈயம் துளியும் இல்லை. பச்சைக்கு அடியில் இருந்த சிவப்புப் பூச்சின் சாயம்தான் குச்சியில் ஏறியிருக்கிறது. நான் அவளிடம் சொல்லவில்லை. நாலு நாள் வீடு சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று பார்த்தேன். அப்புறம் சொல்ல முடியவில்லை. உள்ளே சாப்பிட்டால் டிலியா அவளிடம் போய்ச் சொல்லிவிடுவாளே என்று இல்லாத விஷத்துக்காக இன்றுவரை காரில் சாப்பிட்டேன்.

ஆய்வுக்கூடத்தின் அந்தப் பதில் கடிதத்தை இதோடு வைத்து அனுப்பலாம் என்று, ஒளித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டின் உள்பையில் கைவிட்டேன். கடிதம் இல்லை. இரண்டாவது ஞாயிறு அவள் நல்ல செருப்பை எடுக்க வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிஷம் படுக்கையறைத் துணி அலமாரிப் பக்கம் நின்றாள். பையில் இருந்தது அவள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன். இப்ப எனக்கும் சத்தமில்லாம இருக்கறது பிடிச்சுப்போச்சு. கதவோட உள்பக்கத்தையும் தேய்."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், அண்ணி. அவளை அனுப்பி வைக்க வேண்டாம். வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் உள்பக்கத்தைத் தேய்க்கப் போகிறேன்.