பயந்தே பட்டம் வாங்கிய சேஃப்டி அண்ணன்

குமரி மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களில் மிக அதிகமாகப் பயந்தவர் எங்கள் சேஃப்டி அண்ணன்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலே இருக்கும் பொருள் எதுவானாலும் ஒருநாள் கீழே விழும், விழும்போது அடியில் ஒரு மனிதன் நிற்பான், பெரும்பாலும் அங்கே நிற்பது தான்தான் என்று உறுதியாக நம்பியவர் அவர். அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்காமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததை நான் கண்டதில்லை.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் கையுறை செய்யும் ஒரு கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அண்ணன் அங்கே பாதுகாப்பு அதிகாரி. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த கையோடு வளைகுடாவுக்குப் போய், பாதி ஆயுளைக் கட்டடச் சாரங்களுக்கு அடியில் நின்று மேலே பார்த்தே கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி கம்பெனிக்கும் ஊருக்கும் சபைக்கும் அவர் சேஃப்டி அண்ணன்தான்.

ஒரு துட்டி வீட்டில் அவர் செய்த காரியத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. முற்றத்துத் தென்னைக்கு அடியில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஜெபம் தொடங்கப் போகும் நேரம். அண்ணன் எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டு, ஒவ்வொருவரையாக நகர்த்த ஆரம்பித்தார். போதகரையும் நாற்காலியோடு நகர்த்தினார். செத்துப்போனவரின் மகன் கோபமாக, "என்ன அண்ணே இது, இந்த நேரத்துல?" என்று கேட்டான்.

"மேல நாலு நெத்துத் தேங்கா நிக்குவு பாத்துக்க. வீட்டுல ஒருத்தரு போனது போதும் மக்கா."

அவருடைய மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருந்தார். "கல்யாணத்தன்னைக்கு இவரு எனக்க முகத்தப் பாக்கவே இல்ல கேட்டியா. சர்ச்சுல எத்தன வாசல் இருக்குன்னு எண்ணிட்டு இருந்தாரு" என்பார். அதைச் சொல்லும்போது மைனியின் முகத்தில் கோபம் இருக்காது.

இப்படி எல்லாருக்காகவும் பயந்துகொண்டிருந்த மனிதருக்குத் தனக்கே ஒரு ஆபத்து வந்தது. எங்கள் கம்பெனியை வெளிமாநிலத்துப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. புதிய நிர்வாகம் வந்ததும் ஒரு கூட்டம் போட்டார்கள். துறைத் தலைவர்கள் எல்லாருக்கும் இளங்கலைப் பட்டம் இருக்க வேண்டும், இல்லாதவர்கள் இந்த வருடமே சேர்ந்து மூன்று வருடத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும், பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் சரி, ஆனால் அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். துறைத் தலைவர்களில் பட்டம் இல்லாதவர் அண்ணன் ஒருவர்தான்.

அன்று மத்தியானம் கேன்டீனில் அவர் மின்விசிறியைப் பார்க்காமல் உட்கார்ந்தார். எங்களுக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

"இந்த வயசுல இனி எவன் எனக்கு வேற வேல தருவான்? மூத்தவ நர்சிங் படிக்கா. அவளுக்க ஃபீஸ் கெட்டவே மூச்சு முட்டுகு. இதுல நானும் படிக்கதுக்குப் போனா வீடு தாங்குமா?" என்றார். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

சீக்கிரம் முடிய வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வெளியே சொன்ன உடனேயே ஊரில் உள்ள அத்தனை பேரும் கல்வி ஆலோசகர்கள் ஆகிவிட்டார்கள். டீக்கடையில் ஒருவர் தூத்துக்குடிப் பக்கம் ஆள் இருக்கிறது என்றார். இன்னொருவர், தனக்குத் தெரிந்தவர் மூன்றே மாதத்தில் பொறியாளர் ஆனதாகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க மெலிந்தார்.

கடைசியில் ஒருநாள் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பேக்கரி ஒன்றின் மாடியில் இருந்த ஒரு 'கல்வி மையத்துக்கு'ப் போனார். உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். எங்களைக் கண்டதும் தாராளமாகச் சிரித்தார்.

"எந்த வருசத்து டிகிரி சார் வேணும்? பத்து வருசத்துக்கு முந்தி முடிச்ச மாதிரியும் தரலாம்."

"பரீச்சை?" என்றார் அண்ணன்.

"அதெல்லாம் எங்க ஆளுங்க பாத்துக்கிடுவாங்க. நீங்க ஒரு ஃபோட்டோ மட்டும் தந்தா போதும்."

அண்ணன் எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் கூரைவரை காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. வாசல் ஒன்றே ஒன்று, அதுவும் உள்பக்கமாகத் திறப்பது.

"இதுக்கு வேற வழி உண்டுமா?"

"எதுக்கு சார்?"

"அவசரத்துக்கு வெளிய போறதுக்கு."

"டிகிரி வாங்க வந்த இடத்துல அவசர வழி எதுக்கு சார்?"

"நாளைக்கு மாட்டிக்கிட்டா வெளிய வரணும்லா" என்றார் அண்ணன். அவர் கிண்டல் செய்யவில்லை. அப்போதுதான் வெள்ளைச் சட்டைக்காரரின் சிரிப்பு நின்றது.

படியிறங்கும்போது சிரிக்கலாம் என்று நான் திரும்பினேன். அண்ணன் படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். கீழே பேக்கரி பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வளைகுடாவில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். நல்ல வேலைக்காரர். இப்படி ஒரு பட்டத்தை வாங்கி வைத்திருந்தார். சான்றிதழைச் சரிபார்த்தபோது பிடிபட்டு, வேலை இடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்களாம்.

"ஷூவக்கூட மாத்த விடல்ல மக்கா. அவன் என்னத் திரும்பிப் பாத்துட்டே போனான்."

மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொன்னார். "மேல இருக்கும்போ ஒரு நிமிசம் வாங்கிரலாம்னுதான் நெனச்சேன். அதுக்காக்கும் இந்தப் பயம்."

இதற்கிடையில் இணையத்தில் எங்கேயோ ஒரு இடத்தில் அவர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் பெண் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள். கொங்குநாட்டுப் பேச்சு. பெங்களூரில் பெரிய கட்டடம் ஒன்றில் அலுவலகமாம். தீயணைப்பு, பாதுகாப்பு என்று தலைப்பு வைத்த ஒரு அதிவேகப் பட்டப்படிப்பில் அண்ணனைச் சேர்த்துவிடுவது அவளுடைய வேலை.

"சார், அட்மிஷன் இன்னைக்கோட முடியுதுங்க." தினமும் இதையே சொல்வாள்.

அண்ணன் அவளிடம் வேறு கேட்பார். "பிள்ள, நீ எத்தனையாவது மாடில இருக்க?"

"பதினொண்ணுங்க சார்."

"படி எங்க இருக்கு தெரியுமா?"

"லிஃப்டு இருக்குதுங்களே."

அவ்வளவுதான். அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவள் கூப்பிட்டபோது, படிக்கட்டைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தன்னிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் கண்டுபிடித்தாள். அடுத்த நாள் அந்தப் படிவாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பூட்டித்தான் இருந்தது. மேலாளரிடம் சொல்லித் திறக்க வைத்தாள். அட்மிஷனும் தினமும் முடிந்துகொண்டே இருந்தது. பக்கத்து மேசையிலிருந்து நான் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் அவள் கூப்பிட்டபோது பின்னால் ஒரே வண்டிச் சத்தம். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கீழ ரோட்டுல நின்னு பேசறேனுங்க. மேல ஏசியில கரண்டு ஷார்ட் ஆகி ஒரே புகைங்க. எல்லாரும் லிஃப்டுகிட்ட ஓடுனாங்க. நான்தான் படிப்பக்கம் கூட்டிட்டு வந்தேனுங்க. யாருக்கும் ஒண்ணுமில்லீங்க."

அண்ணன் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். அவள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. இந்தப் படிப்புல சேராதீங்க. இதுக்கு அங்கீகாரம் இல்லீங்க. மூணு வருசத்துக்குக் கம்மியா டிகிரி தர்றேன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. கவர்மெண்ட்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல சேருங்க, ஃபீஸும் கம்மி. ஒரு பேப்பர்கூட அரியர் வெக்காம எழுதுனீங்கன்னா அதுதாங்க சார் ஃபாஸ்ட்டு."

"இத என்கிட்ட சொன்னா ஒனக்க வேலைக்கு ஒண்ணும் வராதே பிள்ள?" என்றார் அண்ணன். அதற்கும் அவர்தான் பயந்தார்.

பல்கலைக்கழகம் முடிவாயிற்று. எந்தப் பாடம் என்பது அடுத்த கவலை. கேன்டீனில் மாநாடு நடந்தது. வணிகவியல் வேண்டாம், கூட்டல் தப்பாகிவிடும். அறிவியல் வேண்டாம், ஆய்வகத்தில் அமிலம் இருக்கும். பாய்லர் பார்க்கும் செல்வன்தான் வழி சொன்னான்.

"வரலாறு எடுங்க அண்ணே. எல்லாம் நடந்து முடிஞ்சு போச்சு. இனி ஒரு விபத்தும் வராது."

அண்ணன் சேர்ந்தார். புத்தகங்கள் தபாலில் வந்தன. ஒரு வாரம் படித்துவிட்டு முகம் வெளிறி வந்தார். "மக்கா, இதுல பூராவும் விபத்தாக்கும். ஒவ்வொண்ணையும் தடுத்திருக்கலாம். ஒருத்தனும் முன்கூட்டிப் பாக்கல்ல" என்றார்.

முதல் வருடப் பரீட்சைக்கு முந்தின நாள் நாகர்கோவிலுக்குப் போய்த் தேர்வு மையமாக இருந்த கல்லூரியைச் சுற்றிப் பார்த்தார். தலையில் ஹெல்மெட்டும் நெற்றியில் அத்தனை கவலையுமாக வந்தவரை, காவலாளி யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் அதே மனிதர் கையில் பேனாவும் குடிநீர் பாட்டிலுமாக, தன் பிள்ளை வயதுப் பையன்களோடு வரிசையில் நின்றபோது அந்தக் காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களைக் கேட்டிருந்தார்கள். அண்ணன் காரணங்களை ஒழுங்காக எழுதியிருக்கிறார். மணி அடிக்க நேரம் இருந்திருக்கிறது. கை சும்மா இருக்கவில்லை. 'இது போன்ற சம்பவம் மீண்டும் நிகழாமல் தடுக்க எடுக்க வேண்டிய நடவடிக்கைகள்' என்று ஒரு தலைப்பைப் போட்டு, அடியில் கோடும் இழுத்துவிட்டார். ராணி வாரம் ஒருமுறை மக்களைச் சந்தித்துக் குறை கேட்க வேண்டும். ரொட்டிக் கடைகளின் முன் கூட்டம் சேராமல் கயிறு கட்ட வேண்டும். சிறைச்சாலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் இருக்க வேண்டும்.

அவரே வந்து இதைச் சொன்னபோது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மைனி சிரிக்கவில்லை. "பேப்பர் திருத்துறவரு இதப் பாத்து முட்டைய இட்டா என்ன செய்வோம்?" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு தாள் போனால் மூன்று வருடக் கணக்கு போய்விடும். கணக்கு போனால் வேலை போய்விடும்.

முடிவு வந்த அன்று கணினியைச் சுற்றி எங்கள் பிரிவே நின்றது. எல்லாத் தாளிலும் தேர்ச்சி. பிரெஞ்சுப் புரட்சி இருந்த தாளுக்கு நேராக மட்டும் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது.

அண்ணன் எழுந்து போனார். தேடிப் போனேன். சரக்கறைக்குப் பின்னால், தலைக்கு மேல் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாந்து பார்க்கவே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த நேரம் முழுக்க அந்தப் பெட்டிகளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் வந்த நாட்களில் மைனி உபவாசம் இருந்தார். செல்வன் தினமும் காலையில் குமாரகோவில் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து கணினியைத் திறப்பான். ஒருநாள் அந்த வரி மாறியது. அந்த மையத்தில் எழுதிய அத்தனை பேரின் தாளுக்கும் மதிப்பெண் ஏற்றத் தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் நல்ல மதிப்பெண்ணில் தேறியிருந்தார். ஆனால் தாமதத்துக்கு அதுதான் காரணம் என்பதை அவர் நம்பவே இல்லை. "இல்ல மக்கா. எனக்க பேப்பர வச்சு அவங்க கூடிப் பேசிருக்காங்க" என்றார்.

மூன்று வருடமும் ஒரு அரியர்கூட வைக்காமல் முடித்தார். பட்டம் வந்ததும் புதிய நிர்வாகம் சந்தோஷப்பட்டு, வடக்கே இருக்கும் தங்கள் பெரிய ஆலைக்கு அவரைத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியாக அனுப்பி வைத்தது. மைனி கடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கூடவே போனார். ரயிலடியில் நாங்கள் எல்லாரும் கையாட்ட, அண்ணன் பெட்டியின் அவசர ஜன்னலை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு கம்பெனி அமைதியாகிவிட்டது. ஊரில் மழை என்று செய்தியில் பார்த்தால் மட்டும் அங்கிருந்து என் கைபேசிக்கு அவர் குரலில் ஒரு செய்தி வரும். "மக்கா, ரோட்டுல தண்ணி கெடக்கும். வண்டிய மெள்ள எடு. வீட்டுக்குப் போய்ச் சேந்தா ஒரு வார்த்த சொல்லு."

மழை இல்லாத நாட்களிலும் நான் அதைப் போட்டுக் கேட்பதுண்டு.